நறுமணக் கலையும் நூல் தேடலும்

மலர், வேர், பட்டை, பிசின் ஆகியவற்றிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்கும் கலை நம் நாட்டில் மிகத் தொன்மையானது. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் இன்றும் செப்புக் கலத்தில் மலரையும் நீரையும் இட்டுக் காய்ச்சுகின்றனர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே மற்றொரு கலத்தை அடைகிறது. அங்குள்ள சந்தன எண்ணெய் அம்மணத்தை ஏற்று அத்தர் ஆகிறது.

இக்கலையைக் கற்க விரும்புவோர் நூலகத்தை நாடுதல் வேண்டும். டூயி பதின்மப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில், நறுமணப் பொருள் செய்முறை நூல்கள் 668.5 என்னும் எண்ணிலும், மணமருத்துவ நூல்கள் 615 என்னும் எண்ணின்கீழும் இருக்கும். ஆகவே, இரண்டு அடுக்குகளையும் காண்பதே முறை.

அடுத்து, பெயரை அறிதல் வேண்டும். நாம் வெட்டிவேர் என்பதை இந்தி நூல்கள் கஸ் என்னும். ஆங்கிலமோ நம் தமிழ்ச் சொல்லையே ஏற்று வெட்டிவர் என்று வழங்குகிறது. பழைய நூல்களில் இதன் தாவரவியல் பெயர் வெட்டிவேரியா என்று தொடங்கும்; புதிய நூல்களில் கிரைசோபோகன் என்று தொடங்கும். ஒரு பெயரை மட்டும் அறிந்தவர், பொருளடைவில் அதனைக் காணாது, நூலில் செய்தி இல்லை என்று எண்ணிவிடுவார்.

பழைய நூல்களும் நமக்குத் துணையாகும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி நீராடிய நீரில் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியிருந்ததைக் கூறுகிறது. கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன அவ்வைந்து விரைகள். வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் மணக்கலவை பற்றித் தனி இயலே உண்டு. அக்பர் காலத்து மணப்பொருள்களை அபுல் பசலின் அயினி அக்பரி விளக்குகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் கத்தபோசே 1937இல் வெளியிட்ட நூல், மணமருத்துவத்தைக் குறிக்கும் அரோமாதெரபி என்னும் சொல்லைப் பரப்பியது. எர்னஸ்ட் குந்தரின் ஆறு தொகுதிகள் எண்ணெய்களை ஒவ்வொன்றாக ஆராய்கின்றன.

எல்லா நூலும் நம்பத்தக்கதன்று. நல்ல நூல் தாவரவியல் பெயர், பயன்படும் உறுப்பு, எடுக்கும் முறை, எச்சரிக்கை ஆகிய நான்கையும் கூறும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசி வெயிலில் சென்றால் தோல் புண்படக்கூடும். நீராவியில் வடித்த எண்ணெயில் அத்தீங்கு இல்லை. எடுக்கும் முறையைக் கூறாத நூல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்று மட்டும் உரைக்கும் நூலைத் தவிர்த்தலே நன்று. பெரியோர் துணையின்றி எந்த எண்ணெயையும் தோலில் இடவோ, உட்கொள்ளவோ கூடாது.

சொற்பொருள்
விரை – நறுமணப் பொருள்
ஆரம் – சந்தனம்
துவர் – துவர்ப்புச் சுவையுடைய பொருள்
பொருளடைவு – நூலின் இறுதியில் அகர வரிசையில் அமையும் சொற்பட்டியல்

பயிற்சி
1. வெட்டிவேரைப் பழைய நூலிலும் புதிய நூலிலும் எவ்வெப்பெயர்களில் தேடுவீர்?
2. எலுமிச்சை எண்ணெயை எடுக்கும் முறையை நூல் ஏன் கூற வேண்டும்?
3. நீங்கள் வாழும் ஊரில் மல்லிகை, சந்தனம், அகில் ஆகியவற்றிற்கு வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து, தமிழ்ப் பெயருடன் எழுதுக.
4. உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு நூலைத் தேர்ந்து, நான்கு செய்திகளும் அதில் உள்ளனவா என ஆராய்ந்து ஐந்து வரிகளில் எழுதுக.