முகத்தில் போடும் பில்லர் ஊசி: பலனும் அபாயமும்



நமது கடைத்தெருக்களில் சில வருடங்களாக ஒரு புதுப் பேச்சு அடிபட்டு வருகிறது. ஒட்டிய கன்னத்தை எடுப்பாக்கும், முகக்கோட்டைப் போக்கும், மூக்கை உயர்த்தும், உதட்டைப் பருக்கச் செய்யும் என்று கூறி, "பில்லர்" என்ற பெயரில் ஓர் ஊசி நடமாடுகிறது. நம் வீட்டுப் பெண்மக்கள் அதன் விளம்பரத்தைக் கைப்பேசியில் காண்கிறார்கள். அழகுச் சாமான் விற்கும் கடைகளில் அந்த மருந்தையும் வைக்கலாமே என்று ஆசை காட்டுவோர் உண்டு. கடையின் மேல்மாடி அறையை அழகு நிலையத்துக்கு வாடகை கேட்டு வருவோரும் உண்டு. ஆகவே, இது பெண்கள் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. போட்டுக்கொள்பவரின் குடும்பத்தாராகவும், சரக்கு விற்பவராகவும், இடம் கொடுப்பவராகவும் மூன்று வகையில் நமக்கு இதில் சம்பந்தம் இருக்கிறது.

நாம் வைத்தியர் அல்லர், கடைக்காரர். ஆயினும், ஒரு சரக்கு எதனால் ஆனது, எத்தனை நாள் நிற்கும், கெட்டால் என்ன கதி என்று விசாரித்து அறிவது வர்த்தகனின் வழக்கம். அந்த வழக்கப்படியே இந்த ஊசியையும் விசாரிப்போம்.

பில்லர் என்பது யாது?

வயது ஏற ஏற, முகத்தின் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு குறைகிறது. முக எலும்பும் சிறிது தேய்கிறது. தோல் தளர்கிறது. அதனால் கன்னம் ஒட்டி, மூக்கின் இருபுறமிருந்தும் வாயோரம் வரை கோடு விழுகிறது. அந்தப் பள்ளத்தை உள்ளிருந்து நிரப்புவதற்காகக் கூழ் போன்ற ஒரு வஸ்துவை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். அதுவே பில்லர்.

இதையும் போடோக்ஸ் ஊசியையும் பலர் ஒன்றென எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு. போடோக்ஸ் தசையின் அசைவை அடக்கிச் சுருக்கத்தைக் குறைப்பது. பில்லர் பள்ளத்தை நிரப்புவது.

இன்று அதிகமாகப் புழங்குவது ஹையலுரோனிக் ஆசிட் என்னும் வஸ்துவால் ஆன பில்லர். இவ்வஸ்து நம் தோலிலும், மூட்டுகளிலும், கண்ணுக்குள்ளும் இயற்கையாகவே உள்ளது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணமுடையது. 1934-ஆம் வருடம் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் அமெரிக்காவில் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் சேவற்கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். இப்பொழுது பெரும்பாலும் பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். இயற்கை நிலையில் இது உடம்பில் விரைவில் கரைந்துவிடும். ஆகையால் ரசாயனத்தால் அதன் இழைகளைப் பின்னிக் கூழாக்கி, சில மாதங்கள் நிற்கும்படி செய்கிறார்கள். இவ்வகையில் ரெஸ்டிலேன் என்ற சரக்கை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-ஆம் வருடம் அனுமதித்தது.

இதன் மார்க்கத் தீர்ப்பைச் சொல்வது நமது வேலையன்று, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஆனால் கேட்பவர் சரியாகக் கேட்கவேண்டும். 2006-ஆம் வருடம் மலேசியத் தேசிய பத்வா மன்றம் கூடாதென அறிவித்தது போடோக்ஸ் ஊசியைப் பற்றியதாகும். பில்லரைப் பற்றிக் கேட்பவர், மருந்தின் பெயரையும் அது எதிலிருந்து தயாரிக்கப்பட்டது என்பதையும் எழுதி எடுத்துச் சென்று கேட்பதே முறை.

என்ன பலன்? எத்தனை நாள்?

பொதுவாக ஒரு சிரிஞ்சில் 1 மில்லி லிட்டர் கூழ் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. பலன் உடனே தெரியும். வீக்கம் வடிந்து சரியான தோற்றம் நிலைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும். ஹையலுரோனிக் ஆசிட் பில்லரின் பலன், போடும் இடத்தையும் சரக்கையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். ஓயாது அசையும் உதட்டில் சீக்கிரம் குறையும். பலன் வேண்டுமானால் மீண்டும் மீண்டும் போடவேண்டும். எனவே இது ஒரு தடவைச் செலவன்று, தொடர் செலவு. முதல் ஊசியின் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் கணக்கைப் பாதியில் நிறுத்தியவர் ஆவார்.

இதனால் ஆகாத காரியங்களும் உண்டு. கரும்புள்ளியும் மங்கும் போகா. மிகவும் தொங்கிய தோல் நிமிராது. அளவுக்கு மீறி நிரப்பினால் முகம் ஊதி இயற்கை கெடும்.

வேறு வகைகளும் உள. கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் என்பது ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும். பாலி எல் லாக்டிக் ஆசிட் என்பது சிறிது சிறிதாகப் பலன் தந்து இரண்டு வருடம் வரை நிற்கும். எச்.ஐ.வி. நோயால் கன்னம் குழிந்தவர்களுக்காக 2004-இல் இது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆகவே, இவ்வூசிகள் எல்லாமே வீண் அலங்காரம் என்று சொல்லிவிடலாகாது. பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் மணிகள் கலந்த இன்னொரு வகை கரையவே கரையாது.

நெடுநாள் நிற்பதே மேலான சரக்கு என்று நமக்குத் தோன்றும். பாத்திரத்துக்கும் பாய்க்கும் அது சரி. முகத்துக்கு அது பொருந்தாது. முகம் வருடத்துக்கு வருடம் மாறும். கரையாத வஸ்து மாறாது. அதில் பிசகு நேர்ந்தால் கத்தி வைத்து எடுப்பதும் கஷ்டம். பழைய சரித்திரமே இதற்குச் சாட்சி. 1899-ஆம் வருட வாக்கில் வியன்னா நகரில் கெர்சுனி என்ற வைத்தியர் பாரபின் வகையை உடம்பில் ஏற்றும் முறையைத் தொடங்கினார். அது பரவிய பின், பலருக்கு அவ்வஸ்து இடம் விட்டு நகர்ந்து கட்டியாகித் தோலைக் கெடுத்தது. பிறகு திரவ சிலிகோன் வந்தது. அதன் கதையும் அதுவேயாயிற்று. முகத்தையோ உடம்பையோ அழகுபடுத்தத் திரவ சிலிகோனை ஊசியாக ஏற்றுவதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்ததே இல்லை.

சிறு தொல்லைகள்

ஊசி போட்ட இடம் சிவத்தல், வீங்குதல், கன்றிப்போதல், வலித்தல் இவை சாதாரணம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணியும். சிலருக்குச் சிறு கட்டிகள் தோன்றும். மேலாகப் போட்டுவிட்டால் தோலில் நீலநிறம் தெரியும். வாயோரம் அக்கி வருபவருக்கு அது மறுபடி கிளம்பலாம். மாதங்கள் சென்ற பின்னும் வீக்கமோ கட்டியோ வருவதுண்டு. நிக்காஹுக்கு நான்கு நாள் இருக்கையில் மணப்பெண்ணை இதற்கு அழைத்துச் செல்வது புத்தியல்ல என்பது இதனால் விளங்கும்.

பெரிய அபாயம்

இனிக் கூறுவதே இக்கட்டுரையின் முக்கிய விஷயம். முகத்தில் இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ஊசிமுனை தவறி ஒரு குழாய்க்குள் கூழ் இறங்கினால், அது இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். அடைபட்ட இடத்துத் தோல் இரத்தமின்றிச் செத்துப் புண்ணாகும். மூக்கு, புருவ நடு, நெற்றி இவ்விடங்களின் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாயோடு தொடர்புடையவை. அழுத்திச் செலுத்திய கூழ் பின்னோக்கிச் சென்று கண்ணின் குழாயை அடைத்தால் பார்வை போகும். மூளைக்குச் சென்றால் பக்கவாதமும் வரலாம்.

இது எவ்வளவு அபூர்வம்? உலக வைத்தியப் பத்திரிகைகளில் வெளியானவற்றைத் திரட்டி 2015-இல் எழுதப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், இவ்வகை ஊசிகளால் பார்வை கெட்டவர் 98 பேர் எனக் கண்டார்கள். 2019-இல் வெளிவந்த அடுத்த ஆராய்ச்சி, அதற்குப் பின் மேலும் 48 பேரைக் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஊசி மூக்கில் போடப்பட்டது. பார்வை முற்றும் போனபின் மீண்டவர் சிலரே.

அமெரிக்கச் சரும வைத்தியர் 370 பேர் போட்ட 17 இலட்சம் சிரிஞ்சுகளைக் கொண்டு 2021-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இரத்தக் குழாய் அடைப்பைக் கணக்கிட்டது. கூரிய ஊசியால் போட்டதில் ஏறக்குறைய 6,400 சிரிஞ்சுக்கு ஒன்று. முனை மழுங்கிய குழாய் ஊசியால் போட்டதில் ஏறக்குறைய 40,000 சிரிஞ்சுக்கு ஒன்று. இது தேர்ந்த கைகளின் கணக்கு என்பதை மறவாதீர்கள். தேராத கைக்குக் கணக்கெழுதுவார் யார்?

ஹையலுரோனிக் ஆசிட் பில்லருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஹையலுரோனிடேஸ் என்ற மருந்தை உடனே ஊசியாகப் போட்டால் அக்கூழ் கரையும். தோலைக் காப்பாற்றப் பெரும்பாலும் வழி உண்டு. மற்ற வகைகளை இம்மருந்து கரைக்காது. ஆகையால், "கெட்டுப்போனால் மீட்கும் மருந்து இந்த அறையிலேயே இருக்கிறதா?" என்பதே விசாரிப்பவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி. இல்லை என்றாலும், கேள்வி விளங்காமல் விழித்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

அபாயத்தின் அறிகுறிகளை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கவேண்டும். ஊசி போட்ட இடம் வெளுத்துப்போதல், வலை போன்ற ஊதா நிறக் கோடுகள், தாங்கமுடியாத வலி, பார்வை மங்குதல், இமை தொங்குதல், பேச்சுக் குழறுதல், கைகால் சோர்தல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல், போட்ட டாக்டருக்குத் தெரிவித்து, அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டும். கண்ணுக்கு இரத்தம் நின்றால் மணிக்கணக்கில் அல்ல, நிமிஷக்கணக்கில்தான் அவகாசம்.

சட்டம் கூறுவது

சிங்கப்பூரில் பில்லர் மருத்துவச் சாதனமாகும். சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அழகு நிலையத்தார் இதைப் போடக்கூடாது. பதிவு பெற்ற டாக்டரே போடவேண்டும். மலேசியாவில் 2012-ஆம் வருட மருத்துவச் சாதனச் சட்டப்படி, பதிவில்லாத சாதனத்தை விற்பவருக்கு 2 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 3 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 1998-ஆம் வருடத் தனியார் சுகாதார நிலையச் சட்டப்படி, பதிவின்றிக் கிளினிக் நடத்தும் தனிமனிதருக்கு 3 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 6 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அங்கே அழகு வைத்தியம் செய்யும் டாக்டர், சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்னும் தகுதிப் பத்திரமும் பெற்றிருக்கவேண்டும்.

ஊசியில்லாமல் காற்றழுத்தத்தால் பில்லரை ஏற்றும் பேனா என்று ஒன்று கைப்பேசி வழியே விற்கப்படுகிறது. தோலுக்கும் இரத்தக் குழாய்க்கும் கண்ணுக்கும் அதனால் கேடு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் எச்சரித்தது. அதை நம் கடையில் வைப்பதும் வேண்டாம், வீட்டில் வைப்பதும் வேண்டாம்.

விசாரிக்க வேண்டியவை

1. போடுபவர் பதிவு பெற்ற டாக்டரா? பெயரை மருத்துவ மன்றப் பதிவேட்டில் பார்த்துக்கொள்க.

2. மருந்தின் பெயர் என்ன? பதிவான சரக்கா? பெட்டியை நம் கண்முன் உடைக்கிறார்களா? தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உண்டா? அவற்றை எழுதி வாங்கிக்கொள்க.

3. கரையும் வகையா, கரையாத வகையா?

4. ஹையலுரோனிடேஸ் கையிருப்பு உண்டா? இரவில் வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?

5. போட்டுக்கொள்பவர் கர்ப்பிணியா, பால் கொடுப்பவரா? முகத்தில் சீழ்ப் பரு உண்டா? கடும் ஒவ்வாமையோ, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்தோ உண்டா? டாக்டரிடம் ஒளிக்காமல் கூறவேண்டும்.

6. வயது என்ன? அமெரிக்க நிர்வாகம் 22 வயதுக்குக் குறைந்தவருக்கு இவ்வூசிகளை அனுமதிக்கவில்லை.

நமது கடமை

முறையான டாக்டர் கையில், கரையும் வகைச் சரக்கால், அளவோடு போடப்படும் பில்லர் பெரும்பாலோருக்குத் தீங்கின்றி முடிகிறது. ஹோட்டல் அறையிலும் அழகு நிலையத்தின் பின்கட்டிலும் போடப்படும் ஊசிக்கு, உள்ளே இருப்பது என்ன வஸ்து என்பதற்கே உத்தரவாதமில்லை.

ஆகவே, இச்சரக்கை நாம் விற்கவேண்டாம். இலாபம் எத்தனை மடங்காயினும் வேண்டாம். மாடியறையை வாடகைக்கு விடுமுன், அங்கே ஊசி போடுவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீட்டிலும் ஒரு கடமை உண்டு. பெண்மக்கள் மலிவான மறைவிடங்களை நாடுவதற்குக் காசுக் குறைவு மட்டும் காரணமன்று. வாப்பாவும் கணவனும் ஏசுவார்களே என்ற பயமும் காரணம். அந்தப் பயத்தால் போட்டுக்கொண்டதை மறைக்கிறார்கள். வலி வந்தாலும் தலையணையில் முகம் புதைத்து விடியும்வரை பொறுக்கிறார்கள். கண் போவது அந்த இரவில்தான். நமக்குப் பிடித்தமில்லையானால், அதை முன்னரே அன்பாக எடுத்துச் சொல்லுவோம். மீறிப் போட்டுக்கொண்டு வலியென்று வந்து நின்றால், ஏசுவதைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுப்போம்.