பட்டியலில் பெயர் இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

குடிசைப்பகுதிப் பிள்ளைகளையும் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களையும் மாநகராட்சி வார்டின் பகுதி சபைக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள், என்ன பேசுவது என்று எழுதித் தயாரிப்பதில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். சபைகளில் உட்கார்ந்து சலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் பெரிய தவறு. 2016 அக்டோபர் முதல் மாமன்றமே இல்லாமல் கிடந்த சென்னைக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. அதே ஆண்டு வார்டு குழு, பகுதி சபை விதிகளும் வந்தன. நல்ல முயற்சிதான். ஆனால் அந்தப் பகுதியின் வாக்காளர்தான் சபையின் உறுப்பினர். தி.நகர் ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று, கடைக்காரர் தரும் விடுதியில் படுக்கும் தென்மாவட்டப் பிள்ளைக்கு ஓட்டு சொந்த ஊரில். ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பத்துப் பையன் வேலைக்கு மயிலாப்பூருக்கே வந்தாலும், அவன் வீடு இருப்பது மாநகராட்சி எல்லைக்கு வெளியே. பதினாறு வயதுக்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாக்காளர் பட்டியலைப் பார்க்காமல் இவர்களைக் கூட்டிப்போய் நிறுத்தினால், "நீங்க எந்தத் தெரு?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும்.

ஓட்டு இல்லாதவருக்குப் பொறுப்பு இருக்காது என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-இல் 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களிடம் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, எதற்குச் செலவிடலாம் என்று வாக்களிக்கச் சொன்னது. அதற்காக அந்த ஊர் திவாலாகிவிடவில்லை. கூப்பிட்டாலும் வருவதில்லை என்பது அடுத்த புகார். சபை கூடும் நாட்களில் செப்டம்பர் 15, டிசம்பர் 10 இரண்டும் கடை திறந்திருக்கும் நாட்கள். கூலியை இழந்து யார் வருவார்? இவர்கள் தங்கள் தேவையை மட்டும்தான் பேசுவார்கள் என்று குடியிருப்போர் நலச்சங்கத்துப் பெரியவர்கள் சிலர் குறைபடுவதும் உண்டு. அடையாறில் பூங்காவும் தெருநாயும் மட்டும் பொதுநலமாகி, தி.நகரில் பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை தனிநலமானது எப்படி? வார்டு குழுவில் பகுதிகளுக்காக உட்காருபவர்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், நியமிக்கப்பட்டவர்களே. அப்படியிருக்க, வார்டுக்கு இரண்டு இளைஞர்களை, முகவரி பார்க்காமல், அங்கே வேலை பார்க்கிறார் என்பதை வைத்தே நியமிக்க விதியைத் திருத்துவதில் என்ன கஷ்டம்?

திருத்தம் வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். 17 வயது முடிந்தவர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ அதை வைத்துப் பெயர் சேரும். சென்னையிலேயே தங்கிவிட்டவர் ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளப் படிவம் 8. பிறகு சபைக்குப் போனால், உங்கள் கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, அதை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.