உங்களுடன் நானும் வருகிறேன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவிலிருந்து திரும்பும் எம்ஆர்டி இரயிலில் நடந்தது இது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர் என்று பார்த்தவுடன் தெரியும் ஓர் அண்ணன், காய்கறிப் பையோடு ஏறி, காலியாக இருந்த இருக்கையில் அமர்ந்தார். பக்கத்திலிருந்த பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அவருடன் வந்தவர், இந்த இந்தியா ஆட்களுக்குத் தனிப்பெட்டி விட வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணன் பையைத் தூக்கி மடிமீது வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

எதிரே நின்றிருந்த நான் விரிவுரைக் குறிப்புகளை எடுத்து வாசிப்பதுபோல் பாவனை செய்தேன். பயம் மட்டுமே காரணம் என்றால் கோழைத்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். என்னையும் அவரோடு சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சமும் இருந்தது. தமிழ்ப் பேரவையின் செயலவையில் இருப்பவன் நான்!

அதற்குப் பிறகுதான் பொதுப் போக்குவரத்தில் நடந்த இன ஒதுக்கல் எதிர்ப்பு இயக்கங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு ஒரே கேள்விதான். வேடிக்கை பார்ப்பவனிடம் அவை என்ன செய்யச் சொன்னன?

முதலில் சிட்னி. 2014 டிசம்பர் 15 அன்று, நகர மையமான மார்ட்டின் பிளேசிலுள்ள ஒரு காப்பிக் கடையில் துப்பாக்கி ஏந்திய ஒருவன் பலரைப் பிணை பிடித்தான். அரபு எழுத்துள்ள கறுப்புக் கொடி கடையின் கண்ணாடியில் தெரிந்தது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்ததும், தெருவில் நடமாடும் முஸ்லிம்கள்மீது ஆத்திரம் பாயுமோ என்ற அச்சம் எழுந்தது. அதே நாளில் பிரிஸ்பேன் நகரில் ரேச்சல் ஜேக்கப்ஸ் என்பவர் ஃபேஸ்புக்கில் ஒரு குறிப்பு எழுதினார். இரயிலில் ஒரு பெண் தன் தலைத்துணியைச் சத்தமில்லாமல் அவிழ்த்ததாகவும், நிலையத்தில் அவரிடம் ஓடிப்போய், மறுபடி அணிந்துகொள்ளுங்கள், உங்களுடன் நான் நடந்து வருகிறேன் என்று தாம் சொன்னதாகவும் அதில் இருந்தது.

இதைப் படித்த டெசா கும் என்ற சிட்னிப் பெண், டுவிட்டரில் சில வரிகள் எழுதினார். கூஜிக்கும் மார்ட்டின் பிளேசுக்கும் இடையே 373-ஆம் எண் பேருந்தில் போகிறவரா, சமய உடை அணிபவரா, தனியாகப் போக அச்சமா, அப்படியானால் என்னிடம் நேரத்தைச் சொல்லுங்கள், உடன் வருகிறேன் என்பது அதன் சாரம். 'உங்களுடன் வருகிறேன்' என்ற அந்தச் சொல் அடையாளக் குறியாகிச் சில மணி நேரத்தில் 150,000 முறைக்கு மேல் பதிவானது. ஊர் ஊராக, தடம் தடமாக, பயணிகள் தங்கள் பேருந்து எண்ணைப் போட்டு எழுதினார்கள்.

எழுதிய எல்லாரும் பேருந்து ஏறியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஜேக்கப்ஸும், தம் குறிப்பில் சற்றே கதை கலந்துவிட்டதாகப் பின்னர் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் அவர் பக்கத்தில் இருக்கவில்லை, பெட்டியின் மறுகோடியில் இருந்தாராம். துணியை அவிழ்த்தது வேறு காரணத்தாலும் இருக்கலாமாம். இதைப் பிடித்துக்கொண்டு இயக்கமே பொய் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை நிறுத்திப் படிக்க வைத்தது அந்த '373' என்ற எண். இனவாதம் தீது என்ற வாசகம் என்னிடம் எதையும் கேட்பதில்லை. 373 கேட்கிறது. எந்தத் தடம், எத்தனை மணிக்கு என்று கேட்கிறது. நம் ஊர் இரயில்களில் நற்பண்புக்காக வரைந்த 'பேக்-டவுன் பென்னி'யை நினைத்துப் பாருங்கள். பையைக் கீழே வை என்ற ஒரே காரியம் அவன் பெயரிலேயே இருக்கிறது. தவிர, டெசா கும் யாரையும் காப்பாற்றக் கிளம்பவில்லை. வேண்டுமா வேண்டாமா என்பதை அச்சப்பட்டவரிடமே விட்டார்.

இன்னொன்று பிரிஸ்டல். இங்கிலாந்தின் இந்நகரில் பேருந்து நிறுவனம், ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு வெள்ளையர் அல்லாதாரைச் சேர்க்க மறுத்தது. 1955-இலேயே தொழிற்சங்கப் பிரிவு ஒன்று அதற்குத் தீர்மானம் போட்டிருந்தது. 1963-இல் கை பெய்லி என்ற இளைஞருக்குப் பால் ஸ்டீபன்சன் நேர்காணல் ஏற்பாடு செய்தார். பெய்லி மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் நேர்காணல் இரத்தானது. ஏப்ரல் 30 அன்று புறக்கணிப்பு தொடங்கியது. பேருந்தில் ஏறாதே, நட என்பதே வேண்டுகோள். மறுநாளே பிரிஸ்டல் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்து நிலையத்திற்கு ஊர்வலம் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அந்த வேலையை அவர்களுக்கு யாரும் மறுக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டு 28 அன்று, நிறுவனம் தடையை நீக்கியது. செப்டம்பரில் முதலில் வேலைக்கு வந்த வெள்ளையர் அல்லாத நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். தொழிற்சங்கம் மன்னிப்புக் கேட்க 2013 ஆகிவிட்டது.

தனியாளாக, அந்த நிமிடத்தில் என்ன செய்வது? பிரான்ஸைச் சேர்ந்த மெரில் என்ற ஓவியர் 2016-இல் வரைந்த படக்குறிப்பு ஒன்று பரவலாகப் பகிரப்பட்டது. அது சொல்வது இதுதான். திட்டுபவரைப் பார்க்கவே வேண்டாம். திட்டு வாங்குபவரின் அருகில் போய் உட்காருங்கள். வணக்கம் சொல்லிச் சம்பந்தமில்லாத எதையாவது பேசுங்கள். திட்டுபவர் போகும்வரை பேச்சை விடாதீர்கள். அவர் விரும்பினால் பத்திரமான இடம்வரை கூடப் போங்கள். வாதாடும் திறமை இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சென்ற பருவத் தேர்வு முடிந்த வாரத்தில் இதைச் செய்து பார்த்தேன். வேறோர் அண்ணன், ஏறக்குறைய அதே காட்சி. இரண்டு பேர் எழுந்து போன இடத்தில் போய் உட்கார்ந்தேன். நெஞ்சு படபடத்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "அண்ணே, எந்த ஊரு?" என்றேன்.

"பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பி. நீங்க?"

"நான் இங்கேயே பொறந்தவன்ணே."

"அப்படியா? தமிழ் நல்லா பேசுறீங்களே" என்றார். நான் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. அவர் தம் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.