முதலில் கம்பி, கடைசியில் ரிமோட்

நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த சென்னை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலிய ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தபோது, எங்கள் ராஜபாளையம் பக்கத்துப் பையன்களுக்கும் விமான ஆசை தொற்றியது. சன்பேக் ஷீட்டையோ தெர்மாகோலையோ வெட்டி, நாலு சேனலில் ஒரு டிரெய்னரை ஓட்டிப் பழகுவார்கள். அடுத்து ஃப்ளாப் வேண்டும் என்பார்கள். இறக்கைக்குள் ரெண்டு சர்வோ நாலாகும், தலைவலியும் கூடும்.

எது கோணலானாலும் முதலில் ரிமோட் மெனுவைத் திறப்பதுதான் பொதுவான பழக்கம். என் அனுபவத்தில் மெனு கடைசி வேலை. சர்வோ, கம்பி, ஹார்ன் மூன்றும் ஒழுங்காக நின்றால் ரிமோட்டில் செய்வதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

மேசையில் முடிக்க வேண்டியவை

ட்ரிம், சப்-ட்ரிம் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். ரிசீவருக்கு கரண்ட் கொடுத்து, ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கையை மாட்டுங்கள். கையும் கம்பியும் 90 டிகிரியில் நிற்க வேண்டும். பல் சரியாக உட்காரவில்லை என்றால் கையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் பொருந்திவிடும். மிச்சமிருக்கும் இம்மிக்குத்தான் சப்-ட்ரிம்.

ஏலரானில் ஒட்டியிருக்கும் ஹார்னின் ஓட்டை கீல் கோட்டுக்கு நேராக இருக்கட்டும். அது முன்னே பின்னே தள்ளிப் போனால் ஏலரான் மேலே ஓர் அளவும் கீழே வேறோர் அளவும் போகும்.

எந்த ஓட்டையில் மாட்டுவது? சர்வோ கையில் உள் ஓட்டை, ஹார்னில் வெளி ஓட்டை: அசைவு குறையும், பலம் கூடும். மாற்றிப் போட்டால் அசைவு கூடும், பலம் குறையும், ஆட்டமும் தெரியும். சர்வோ கையின் வெளி ஓட்டையில் மாட்டிவிட்டு ரிமோட்டில் 50 சதவீதமாகக் குறைப்பவர்கள் சர்வோவின் பாதி வேலையை வீணடிக்கிறார்கள்.

கம்பிக்கு நான் நம்புவது சைக்கிள் ஸ்போக்ஸ். 2 மி.மீ. கனம், வளையாது, எந்தக் கடையிலும் கிடைக்கும். மாட்டியபின் சர்வோவை அசையாமல் பிடித்துக்கொண்டு ஏலரானின் பின்விளிம்பை விரலால் ஆட்டிப் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஓட்டை லூஸ். அப்படியே பறந்தால் வேகத்தில் ஏலரான் படபடவென்று அடித்துக்கொள்ளும், இறக்கையையே பிய்த்துவிடும்.

பசை விஷயத்தில் எங்கள் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. குளூ கன் பசை சித்திரை வெயிலில் இளகும். காலையில் நேராக இருந்த சர்வோ மதியம் சாய்ந்து நிற்கும். ஒரு துண்டு ப்ளைவுட்டை இறக்கையில் ஒட்டி, சர்வோவை அதில் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள்.

ஏலரான்

விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது ஏலரான் மேலே, இடது கீழே. ஒவ்வொரு முறை பேட்டரி மாட்டும்போதும் இதைப் பார்ப்பேன். முன்னால் நின்று பார்த்தால் குழப்பம்தான் வரும்.

தொடக்க அளவு மேலே 20 டிகிரி, கீழே 10 டிகிரி. கோணமானி வேண்டாம், ஸ்கேல் போதும்: ஏலரான் 40 மி.மீ. அகலம் என்றால் பின்விளிம்பு மேலே 14, கீழே 7 மி.மீ. நகர வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? கீழே இறங்கும் ஏலரான் தூக்குவிசையோடு இழுவையையும் கூட்டும். வலப்பக்கம் சாய்த்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். மேலே அதிகம், கீழே குறைவு என்று வைத்தால் அந்த முரண்டு அடங்கும்.

ரெண்டு ஏலரானும் ரெண்டு சேனலில் இருந்தால் இதை ரிமோட்டிலேயே வைக்கலாம். ஒய்-கார்டு வழியாக ஒரே சேனலில் இருந்தால்? கம்பி இறக்கைக்கு அடியில் போகிறதென்றால், சர்வோ கையை முன்விளிம்பு நோக்கி ஒரு பல் சாய்த்து மாட்டுங்கள். 90 டிகிரி விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. ஸ்டிக்கின் நடுவை மென்மையாக்கும் எக்ஸ்போவை 25, 30 சதவீதத்தில் தொடங்கலாம். சில கம்பெனி ரிமோட்டில் மைனஸ் போட்டால் நடு மென்மையாகும், சிலவற்றில் பிளஸ் போட்டால். மேசையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஃப்ளாப்

“அண்ணே, ஃப்ளாப் போட்டா பிளேன் உருளுது” என்று ஒரு கல்லூரித் தம்பி வந்தார். சுவிட்சைத் தட்டினால் ஒரு ஃப்ளாப் இறங்கியது, மற்றது ஏறியது. சர்வோ ரெண்டையும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிராக வைத்து ஒய்-கார்டில் இணைத்திருந்தார். ஏலரானுக்கு அது சரி, ஃப்ளாப்புக்கு ஆகாது. “தம்பி, ரெண்டு சர்வோவோட தண்டும் ஒரே பக்கம் பார்க்கணும்” என்றேன். ஒன்றைத் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது. தனித்தனி சேனலில் போட்டு ஒன்றை ரிவர்ஸ் செய்வதும் ஒரு வழி.

ஃப்ளாப் கீழ்நோக்கி மட்டுமே போகும். அதனால் சர்வோவின் நடுநிலையில் ஃப்ளாப் பாதி இறங்கியிருக்குமாறு கம்பியின் நீளத்தை வைத்தால் முழு அசைவும் பயன்படும். விமானம் ஏறும்போது 10 முதல் 15 டிகிரி, தரையிறங்கும்போது 30 முதல் 40. வேகத்தை ரிமோட்டில் குறைத்து, ரெண்டு விநாடியில் மெதுவாக இறங்கும்படி வையுங்கள். மேல் இறக்கை விமானம் ஃப்ளாப் போட்டதும் பெரும்பாலும் மூக்கைத் தூக்கும். அதற்கு எலிவேட்டரில் கொஞ்சம் டவுன் கலக்க வேண்டும். எவ்வளவு என்று மேசையில் தெரியாது. நல்ல உயரத்தில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தனி ஃப்ளாப் இல்லாமல் ஏலரானையே இறக்கும் ஃப்ளாப்பெரான் வசதி ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற விலை குறைந்த ரிமோட்டிலும் உண்டு. ஒரு சர்வோ 1-வது சேனலில், மற்றது 6-வதில். ஆனால் 10, 15 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். இறக்கை நுனி முதலில் ஸ்டாலாகி, தரைக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாகக் கவிழும்.

நாலைந்து சர்வோ ஒரே நேரத்தில் இழுத்தால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்குள் இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் கொடுக்கும் சின்ன பி.இ.சி. திணறும், ரிசீவர் ஒரு கணம் அணைந்தாலும் விமானம் போச்சு. 3 ஆம்பியரில் தனி பி.இ.சி. போடுங்கள்.

காற்றும் களமும்

கோடையில் வற்றிய கண்மாய்தான் எங்கள் ஓடுதளம். ஆனி, ஆடியில் மேற்குமலையைத் தாண்டி வரும் காற்று சீராக வராது. உருண்டு புரண்டு வரும். அப்போது முழு ஃப்ளாப் போட்டு மெதுவாக இறக்கப் பார்த்தால் ஒரு வீச்சில் தூக்கி எறிந்துவிடும். பாதி ஃப்ளாப், அல்லது ஃப்ளாப்பே இல்லாமல், வேகத்தோடு இறக்குங்கள். புதுச் செட்டிங்கைச் சோதிக்க, காற்று எழும்பாத விடியற்காலைதான் நேரம்.

2021 டிரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிதான் உச்சம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் போல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கண்ணுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. மண்டலங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பக்கம் விமானத்தைத் திருப்பவே வேண்டாம்.

ஒரு பேட்டரிக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரெண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றியதை நோட்டில் மில்லிமீட்டரில் எழுதுங்கள். ரிமோட்டை மாற்றினால் சதவீதக் கணக்கு செல்லாது. மில்லிமீட்டர் எந்த ரிமோட்டிலும் செல்லும்.