முன்சக்கர ஆட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காவிரி டெல்டாவில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டிய பழைய மாசி 1035 டிராக்டர்கள் பலவற்றில் எஞ்சின் இன்னும் நன்றாகவே இழுக்கும். ஸ்டியரிங்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. காரணம் பெரும்பாலும் முன் ஆக்சிலின் இரு முனைகளில் இருக்கும். அங்கே நிற்கும் ஸ்பிண்டில், மேலும் கீழுமாக உள்ள புஷ்களுக்குள் திரும்புகிறது. முன்பக்க எடையை அடியிலுள்ள த்ரஸ்ட் பேரிங் தாங்குகிறது. இந்தச் சிறிய இடத்தைச் சுற்றிப் பட்டறைகளில் உலவும் நம்பிக்கைகள் கொஞ்சமல்ல.

நம்பிக்கை: பழைய வண்டி என்றால் முன்சக்கரம் ஆடத்தான் செய்யும்.

உண்மை: வயது எதையும் தேய்ப்பதில்லை, சேறும் கிரீஸ் இல்லாத ஓட்டமும்தான் தேய்க்கின்றன. புஷ் தேய்ந்ததும் ஸ்பிண்டில் சற்றே சாய்கிறது. சாய்ந்தால் பாரம் புஷ்ஷின் விளிம்பில் மட்டும் விழும், தேய்மானம் வேகமெடுக்கும். அடுத்து டயர் ஒரு பக்கமாகத் தேயும், டை ராடு முனைகளும் அடி வாங்கும்.

நம்பிக்கை: சக்கரம் ஆடினால் ஸ்பிண்டில் போய்விட்டது.

உண்மை: ஆட்டம் வேறு இடத்திலும் இருக்கலாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான தாங்கு வையுங்கள். ஒருவர் டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசைக்க, மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். ஸ்பிண்டில் அசையாமல் ஹப் மட்டும் அசைந்தால் கோளாறு வீல் பேரிங்கில். ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆக்சிலுக்குள் அசைந்தால்தான் புஷ் அல்லது ஸ்பிண்டில். ஆக்சிலே முன்னும் பின்னும் ஆடினால் நடுவிலுள்ள பிவட் பின்னைப் பாருங்கள்.

நம்பிக்கை: புது ஸ்பிண்டில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: தேய்ந்த புஷ்ஷுக்குள் போன புது ஸ்பிண்டிலும் ஆடும். முதலில் தேய்வது பெரும்பாலும் புஷ்தான். விலை குறைந்ததும் அதுதான். ஸ்பிண்டிலைக் கழற்றியதும், புஷ் உரசும் இடத்தையும் உரசாத இடத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள். தேய்மானம் இல்லையென்றால் புஷ், த்ரஸ்ட் பேரிங், சீல் மாற்றினாலே போதும். புது புஷ்ஷை அடித்து இறக்கும்போது அதன் துளை சற்றுச் சுருங்கும்; ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புஷ்ஷின் கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக நிற்பதும் முக்கியம். விலகினால் எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் உள்ளே போகாது.

நம்பிக்கை: வெல்டிங் வைத்துக் கடைந்தால் புதுசு மாதிரி.

உண்மை: புஷ்ஷுக்குள் திரும்பும் பகுதியை மட்டும், தேர்ந்த லேத்காரர் முறையாகச் சூடேற்றி, வெல்டிங் வைத்து, மெதுவாக ஆறவிட்டுக் கடைந்தால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். சக்கரம் மாட்டும் முளை புறப்படும் மூலையில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். வளைவு விசை முழுவதும் குவிவது அங்கேதான். வெல்டிங் சூட்டில் அந்த இரும்பு விறைத்து, பக்கத்திலேயே விரிசல் விடலாம். டிரெய்லரோடு சாலையில் போகும்போது முளை முறிந்தால் சக்கரம் கழன்று ஓடும்.

நம்பிக்கை: சர்வீஸின்போது கிரீஸ் அடித்தால் போதும்.

உண்மை: சேற்றுழவு நாட்களில் அன்றாடம் அடிக்க வேண்டும். நிப்பிளைத் துடைத்துவிட்டு, சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியேறி, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். அவ்வப்போது சக்கரத்தைத் தூக்கி, பாரம் இறங்கிய நிலையிலும் அடித்தால் த்ரஸ்ட் பேரிங்குக்கும் கிரீஸ் எட்டும். அடைத்த நிப்பிளோடு போராடாமல் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டோ-இன் (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கி நிற்கும் அளவு) அளக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஆட்டம் போனதும் சக்கரங்கள் நிற்கும் கோணமும் மாறியிருக்கும். பட்டறைக்குப் போனால், “ஸ்பிண்டிலை மாத்துங்க” என்று ஆரம்பிக்காமல், “ஆட்டம் எங்கேன்னு காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். பல நேரம் செலவு புஷ்ஷோடு நின்றுவிடும்.