ஆளைப் பார்த்துச் செய்த கருவி



ஒரு சக்கர நாற்காலியை வாங்கிக் கொடுப்பது எளிது. ஆறு மாதம் கழித்தும் அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதே கடினம். வீட்டு வாசல் குறுகலாயிருந்தால் நாற்காலி உள்ளே நுழையாது. தெரு மணலாயிருந்தால் முன்சக்கரம் புதையும். டயர் கிழிந்தால் மாற்றுவதற்கு அந்த ஊரில் ஆள் இராது. அப்பொழுது நாற்காலி கொட்டகையின் மூலைக்குப் போய்விடுகிறது. அதில் உட்கார வேண்டியவர் மறுபடியும் திண்ணையோடு நின்றுவிடுகிறார். கொடுத்தவருடைய மனது நல்லதுதான், கொடுத்த பொருளும் நல்லதுதான். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பொறியியல் மாணவர்கள் சிலர் இன்று ஒரு படிப்பாகவே எடுத்துப் படிக்கிறார்கள். அவர்களுக்கு முன்னே இந்த வழியில் நடந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு நான்கு பாடங்கள் கிடைக்கின்றன.

பாடம் 1: காரணத்தை முதலில் அறிய வேண்டும்

டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு நமது கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் அவர் கட்டட வேலையைத் தொழிலாகக் கற்றார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் ஆராயத் தொடங்கினார். நோயே சதையைத் தின்றுவிடுகிறது, ஆகையால் புண் ஆறாது என்பது அந்நாட்களில் பலருடைய எண்ணம். பிராண்டும் அவருடைய உடன் ஊழியரும் கண்டது வேறு. உணர்ச்சி அற்றுப்போன பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுகிறது. வலி தெரியாததால் நோயாளி காலை மாற்றி வைப்பதில்லை, நொண்டுவதுமில்லை. புண் அதனால்தான் வருகிறது.

காரணம் தெரிந்தபின் மருந்து மட்டும் போதாது, செருப்பும் வேண்டும் என்பது விளங்கிற்று. உடலின் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிக் கொடுக்க மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் பயன்பட்டது. அது அதிக மெதுவாயிருந்தால் நசுங்கிப்போகும். கடினமாயிருந்தால் பாதத்தை உறுத்தும். மேலே மெதுவான தளம், கீழே முள்ளும் கல்லும் ஏறாத உறுதியான அடிப்பாகம் என்று இரண்டையும் இணைத்தார்கள். ஆணி அடிப்பதில்லை; உணர்ச்சியில்லாத காலில் ஆணி ஏறினால் அது யாருக்கும் தெரியாதல்லவா? சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று கடைகளில் விற்கும் எம்.சி.ஆர். செருப்பு இந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் இதற்குள் இன்னொரு பாடமும் உண்டு. "இது தொழுநோயாளியின் செருப்பு" என்று பார்த்தவுடனே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டு, பலர் அதைப் போடாமலே வைத்துவிட்டார்கள். காலுக்குப் பொருந்திய செருப்பு மனதுக்குப் பொருந்தவில்லை. பிற்பாடு மற்றவர்கள் போடும் செருப்பைப் போலவே வடிவமும் நிறமும் கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

பாடம் 2: வாழும் முறையை அறிய வேண்டும்

கால் இழந்தவர்களுக்கு மேல்நாடுகளில் செய்த செயற்கைப் பாதம் ஷூவுக்குள் நடப்பதற்கென்றே செய்யப்பட்டது. நமது நாட்டு விவசாயியோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார், குந்தி உட்காருகிறார், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறார். 1968-இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து, ரப்பரினால் நாலாபக்கமும் வளையக்கூடிய ஒரு பாதத்தைச் செய்தார்கள். அதுவே ஜெய்ப்பூர் கால். சர்மா அதிகப் பள்ளிப் படிப்பு இல்லாதவர்; ஆனாலும் மனிதர் எப்படி உட்காருகிறார்கள், எப்படி எழுந்திருக்கிறார்கள் என்பதை நன்கு கவனித்தவர்.

இதே நோக்கத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யிலும் காண்கிறோம். பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் அங்கே டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் நடந்துவருகிறது. இம்மையம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து 2022-இல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. இது ஒற்றைக் கீல் போல மடங்குவதில்லை. நமது சொந்த முழங்காலைப் போல, மடங்க மடங்க அதன் சுழலும் மையமும் நகருகிறது. நிற்கும்போது திடீரென்று மடங்கி விழாமலிருக்க இது உதவுகிறது. 160 பாகை வரை மடங்குவதால் பேருந்திலும் ஆட்டோவிலும் இடுக்கமான இருக்கையில் உட்காரலாம். பேருந்தில் போகிறவர்களை மனதில் வைத்தே அந்த அளவை முடிவு செய்திருக்கிறார்கள்.

பாடம் 3: திருத்தக் கற்க வேண்டும்

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவராயிருந்த ஏமஸ் வின்டர், கரடுமுரடான கிராமப் பாதைக்கென்று ஒரு நாற்காலியை வடிவமைத்தார். இரண்டு பக்கமும் நெம்புகோல்கள் உண்டு. நெம்புகோலின் மேற்பகுதியைப் பிடித்துத் தள்ளினால் பலம் அதிகம், மேடு ஏறலாம். கீழே பிடித்துத் தள்ளினால் வேகம் அதிகம், சமதரையில் விரைந்து போகலாம். கியர் மாற்றுவதற்குப் பதிலாகக் கையை மேலும் கீழும் நகர்த்தினால் போதும். உள்ளே ஓடுவது சைக்கிள் செயினும் பல்சக்கரமும்தான். ஆகையால் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் பழுது பார்க்கலாம்.

அறிவான வேலைதான். ஆனாலும் முதலில் செய்ததை 2009-இல் ஆப்பிரிக்காவில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அது கனமாயும், வீட்டுக்குள் திருப்ப முடியாதபடி அகலமாயும் இருக்கிறதென்று உபயோகித்தவர்களே சொன்னார்கள். மாணவர்கள் அதைக் கேட்டு எடையையும் அகலத்தையும் குறைத்தார்கள். பிறகு நம் இந்தியாவிலும் ஜெய்ப்பூர் கால் அமைப்போடு சேர்ந்து சோதித்தார்கள். வீட்டுக்குள் வந்தவுடன் நெம்புகோலைக் கழற்றிவிட்டுச் சாதாரண நாற்காலியாக உபயோகிக்கலாம்.

பாடம் 4: ஒவ்வொருவருக்கும் அளவு வேறு

சென்னை மையம் 2019-இல் 'அரைஸ்' என்ற நாற்காலியை வெளியிட்டது. உட்கார்ந்திருப்பவர் தம் கைகளாலேயே இயக்கி, எழுந்து நிற்கும் நிலைக்கு வரலாம். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால் இரத்த ஓட்டமும் எலும்பின் உறுதியும் குறையும். அழுத்தப் புண்ணும் வரும். வெளியிட்டபோது அதன் விலை ஏறக்குறைய 15,000 ரூபாய் என்று சொல்லப்பட்டது. அங்கே பயின்ற சுவஸ்திக் சௌரவ் தாஷ் தொடங்கிய நியோமோஷன் நிறுவனம் 'நியோஃப்ளை' என்ற நாற்காலியைச் செய்கிறது. உட்காருகிறவரின் உடம்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி அதில் 18 வகையில் மாற்றங்கள் செய்யலாம். முன்னால் மோட்டார் பூட்டிக்கொண்டால் அதுவே சாலையில் ஓடும் வண்டியாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாற்காலி கொடுப்பதற்கு எட்டுப் படிகளைச் சொல்லியிருக்கிறது. ஆளை அனுப்பி வைத்தல், தேவையை அறிதல், ஏற்றதைத் தெரிந்தெடுத்தல், பணத்துக்கு ஏற்பாடு செய்தல், நாற்காலியைத் தயார் செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி கொடுத்தல், பின்பு போய்ப் பார்த்துப் பழுது நீக்குதல் என்பவையே அவை. பணம் அவற்றில் ஒரு படிதான் என்பதைக் கவனியுங்கள்.

நமது பகுதிக்கு

பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரி உண்டு. சிதம்பரம் அண்ணாமலைநகரில் பொறியியல் படிப்பும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் பொறியியல் மாணவர்கள். இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு திட்ட வேலை செய்தாக வேண்டும். என்ன செய்வதென்று அவர்கள் தேடும்போது அவர்களுக்கு முன்னே வைக்க நம்மிடம் கேள்விகள் உண்டு.

முந்திரிக்கொட்டை உடைக்கும் இயந்திரங்களில், கையும் காலும் சேர்ந்து இயக்கும் வகை ஒன்று உண்டு. ஒரு கால் போலியோவினால் சூம்பிய பெண் அதில் எப்படி வேலை செய்வாள்? மிதிகட்டையின் வேலையைக் கைக்கு மாற்ற முடியுமா? முந்திரி ஓட்டின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். உணர்ச்சி குறைந்த விரல்களுக்கு அது தெரியாது. அப்படிப்பட்டவருக்கு ஏற்ற இடுக்கி எது? பலாத்தோப்பின் செம்மண் வரப்பில் புதையாமல் ஓட, முன்சக்கரம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? இவை சிறிய கேள்விகளாய்த் தோன்றலாம். ஒரு குடும்பத்தின் அன்றாடக் கூலி இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

இங்கே டாக்டர் மேரி வர்கீஸை நினைப்பது நல்லது. 1954-இல் கார் விபத்தில் கால்களின் செயலை இழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே வழிகாட்டியாயிருந்தார். நாற்காலியில் இருப்பவருக்கு எது வேண்டுமென்று அவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. உபயோகிப்பவரே ஆலோசகராக இருக்கும்போது வேலை செம்மையாகிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு நாற்காலிக்கோ செயற்கைக் காலுக்கோ நீங்கள் உதவும்போது, இந்த மூன்றையும் அன்போடு கேளுங்கள்: பெறுகிறவரை அளவெடுத்தார்களா? அவருடைய வீட்டையும் வழியையும் யாராவது போய்ப் பார்த்தார்களா? பழுதானால் யாரிடம் போக வேண்டுமென்று அவருக்குத் தெரியுமா? உங்கள் சபையில் பொறியியல் படிக்கும் வாலிபர் இருந்தால், அருகிலுள்ள ஒரு மாற்றுத்திறனாளியின் வீட்டுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். காகிதத்தில் கோடு போடுவதற்கு முன் அவர் அங்கே அரைநாள் உட்கார்ந்து கேட்கட்டும்.