நம்ம எம்.பி. எதுக்கு ஓட்டு போட்டார்?

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. நம்ம குழுவில் கடன் கொடுத்தால் தீர்மான நோட்டில் எல்லார் கையெழுத்தும் இருக்கு. மக்களவையில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான்; சத்தம் கேட்கும், பெயர் பதிவாகாது. உறுப்பினர் வற்புறுத்திக் கேட்டால் எண்ணுவார்கள். 2023 செப்டம்பர் 20-இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு எண்ணினார்கள்: ஆதரவு 454, எதிர்ப்பு 2. அதிலும் கட்சிக் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அப்புறம் சொந்த மனசுக்கு எங்கே இடம்?

சொத்துக் கணக்கு பரவாயில்லை. வேட்புமனுவோடு தரும் படிவம் 26-இல் தன் சொத்து, மனைவி அல்லது கணவர் சொத்து, கடன், நிலுவை வழக்கு எல்லாம் எழுதணும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கு. நம்ம தொகுதி எம்.பி. தந்ததை நகல் எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கடன் பக்கத்தை முதலில் படிப்போம்.